பந்திவிசாரணை: தொண்டு தொடங்கும் கல்லூரி மாணவருக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கைக்கு நாலைந்து படிவங்கள் வந்துவிடும். நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), யூத் ரெட் கிராஸ், எஸ்.சி.எம். என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கம், கத்தோலிக்க மாணவர்களுக்கு ஐக்கஃப், ஊர்ச் சபையின் வாலிபர் ஐக்கியம். ஒன்றில் ‘சேவை’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘தொண்டு’, மற்றொன்றில் ‘ஊழியம்’. சான்றிதழுக்காகச் சேர்கிறவர்களும் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை. அப்படி வந்து தங்கிவிட்டவர்கள் பலர். ஆனால் விசுவாசமும் அன்பும் இந்த வேலையில் எங்கே சேருகின்றன என்று தெரியாமல் இறங்கினால் இரண்டாம் மாதமே சலிப்பு தட்டும். அதனால் முதலில் சொல்லைப் பார்த்துவிட்டு, பிறகு வேலைக்குப் போவோம்.

சபைப் பேச்சில் ‘ஊழியம்’ என்றால் பெரும்பாலும் பிரசங்கம், பாட்டு, கூட்டம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் பல தடவை வருகிற சொல் ‘டியாக்கோனியா’. பந்தியில் நின்று பரிமாறுவதற்கும் அதுதான் சொல். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வசனம் போதிப்பதற்கும் சாப்பாடு பங்கிடுவதற்கும் ஒரே வேர். சபைகளில் இன்றும் படிக்கிற பழைய தமிழ் வேதாகமம் முதலாவதை ‘ஊழியம்’ என்றும் இரண்டாவதைப் ‘பந்திவிசாரணை’ என்றும் பெயர்த்தது. இன்று ‘விசாரணை’ என்றதும் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் ஊருக்குப் போகிறவரிடம் “அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்கிறோமே, அந்த விசாரிப்புதான் இது. தொண்டு என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ்ச்சொல் கிடைப்பது கஷ்டம்.

அந்த அதிகாரத்தில் வந்த சிக்கலும் கவனிக்க வேண்டியது. எருசலேம் சபையில் தினமும் உணவு பங்கிட்டார்கள். கிரேக்கம் பேசிய விதவைகள் அந்தப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் ‘அன்பாயிருங்கள்’ என்று புத்தி சொல்லி முடித்துவிடவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களை அந்த வேலைக்கென்றே வைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர் என்று அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பாஷை தெரிந்தவர்கள் கையில் பொறுப்பு போனது என்று இதைப் படிக்கலாம். கிறிஸ்தவ சபையின் முதல் தொண்டர் பட்டியல், ஒரு புகாரைச் சரிசெய்யப் போட்ட பட்டியல்.

அன்பு என்ற சொல்லுக்கு வருவோம். யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்பதுபோலத் தோன்றும். கிரேக்கத்தில் முதல் இரண்டு தடவை ஒரு வினைச்சொல், மூன்றாம் தடவை வேறொன்று. பழைய தமிழ் வேதாகமம் இதை விட்டுவிடவில்லை: முதலில் “அன்பாயிருக்கிறாயா”, கடைசியில் “நேசிக்கிறாயா”. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கல்லூரி வேதபாடக் கூட்டங்களில் அன்பைக் குறிக்கும் ‘அகாப்பே’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள், அவ்வளவு தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பேதுரு ஒவ்வொரு தடவையும் பதில் சொன்ன கையோடு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது: ஆடுகளை மேய். கேள்வி அன்பைப் பற்றி, கட்டளை தினசரி வேலையைப் பற்றி.

பவுல் 1 கொரிந்தியர் 13இல் செய்வதும் இதுதான். கிரேக்கத்தில் அந்தப் பகுதி முழுக்க வினைச்சொற்கள்: அன்பு பொறுக்கிறது, தயவு காட்டுகிறது, தன்னைப் புகழ்வதில்லை. மனசுக்குள் எப்படி இருக்கும் என்பதைவிட, அன்பு என்ன செய்யும் என்பதுதான் அங்கே அதிகம். ஆனால் அதற்குச் சற்று முன்னே, உள்ளதையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பில்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்றும் எழுதியிருக்கிறது. யாக்கோபு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்: பசித்தவனிடம் “சமாதானத்தோடே போ, பசியாறு” என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த விசுவாசம் செத்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் ஆரம்ப மாணவருக்குச் சிரமம். பொட்டலம் கொடுத்துப் போட்டோ எடுத்துவந்தால் பவுல் கேட்பார். ஜெபக்கூட்டத்தில் அழுதுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தால் யாக்கோபு கேட்பார்.

நல்ல சமாரியன் கதையை எல்லோரும் இரக்கத்தின் கதையாகச் சொல்கிறார்கள். அதைக் கணக்காகவும் படிக்க வேண்டும். எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் காயத்தைக் கட்டினான்: கையில் இருந்ததைக் கொண்டு முதலுதவி. தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான்: தன்னால் முடியாததை உரிய இடத்திலும் ஆளிடமும் ஒப்படைத்தான். ஓர் இரவு கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20இல் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று வருவதால், அது இரண்டு நாள் கூலி. “இவனை விசாரித்துக்கொள்” என்று சொன்னான், அதே விசாரிப்பு. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். அப்புறம் தன் பயணத்தைத் தொடர்ந்தான். பரீட்சையை விட்டுவிட்டுத் தொண்டுக்குப் போகிற பிள்ளைகள் இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கலாம். அளவு உண்டு, கைமாற்று உண்டு, திரும்பி வருகிற வாக்கு உண்டு.

இந்த ஊரிலேயே அதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்களுக்குப் பிரசவ உதவி கேட்டு மூன்று வீட்டார் வந்ததையும், ஆண் மருத்துவரான தன் தகப்பனாரை அவர்கள் ஏற்காததையும், மூன்று பெண்களும் இறந்ததையும் கண்டார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த பகுதியைத்தான் குறைவாகச் சொல்கிறோம். மனம் உருகிய வேகத்தில் அவர் பிரசவம் பார்க்க ஓடவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கையுள்ள மருத்துவமனை. இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அதிலிருந்து வளர்ந்தது. ‘ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய’ என்ற மாற்கு 10:45தான் அதன் குறிக்கோள் வாக்கியம். தெரியாத வேலையில் அன்பை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டாம்.

காந்தி ரோட்டில் என்ன செய்யலாம்

மேற்கு வங்கம், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ சி.எம்.சி.யைத் தேடி வந்து காட்பாடியில் ரயில் இறங்கும் நோயாளிகள் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கு முதலில் குறைவது பாஷை. எருசலேம் விதவைகளின் அதே நிலை. மாணவர்கள் உண்மையாகப் பயன்படக்கூடிய இடம் இது. ஆனால் மருத்துவமனைக்குள் நீங்களாகப் போய் நிற்க முடியாது. கல்லூரிப் பொறுப்பாசிரியர் வழியாக அந்த மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவிலோ ஆலோசகர் பிரிவிலோ எழுத்தில் அனுமதி வாங்கி, அடையாள அட்டையோடுதான் போக வேண்டும்.

பத்து வங்காளச் சொல் போதும் தொடங்க. ‘கொதாய் ஜாபேன்’ என்றால் எங்கே போகணும். ‘ஜொல்’ தண்ணீர், ‘ஒஷுத்’ மருந்து. பயப்பட வேண்டாம் என்பதற்குப் ‘பொய் நேய்’ என்பார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் விபரீதமாகத் தெரியும், சொன்னால் எதிராளி முகம் தெளியும். வேலை என்னவென்றால்: படிவத்தில் பெயரின் எழுத்து ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி இருக்கிறதா என்று பார்ப்பது, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் அடுக்குவது, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணி என்று ஒரு துண்டுத்தாளில் பெரிதாக எழுதிக் கொடுப்பது. இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் தப்பான கட்டடத்தில் வரிசையில் நின்று ஒரு நாள் போனால், லாட்ஜ் வாடகையும் சாப்பாடும் ஒரு நாளுக்குக் கூடும்.

கெட்டுப்போகிற இடங்கள் நாலு. முதலாவது, மருத்துவம் பேசுவது. “இது சரியாயிடும், எங்க மாமாவுக்கும் வந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால், நாளை டாக்டர் வேறு சொல்லும்போது நோயாளி யாரை நம்புவார்? இரண்டாவது, பணம். நோயாளியின் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது, ஏ.டி.எம். கார்டைத் தொடக் கூடாது, லாட்ஜோ மருந்துக்கடையோ சிபாரிசு செய்யக் கூடாது. புரோக்கர்கள் நடமாடும் இடத்தில் நல்ல மனசும் புரோக்கர் மாதிரியே தெரியும். மூன்றாவது, போட்டோ. அனுமதி கேட்டாலும் நோயாளி ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை, ஆகவே கேட்கவே வேண்டாம். நாலாவது, சளி இருமலோடு போவது. புற்றுநோய் மருந்து எடுக்கிறவருக்கு நம் சாதாரணச் சளி சாதாரணமல்ல. உள்ளே போகும்போதும் வரும்போதும் சோப்பு போட்டு 40 முதல் 60 வினாடி கை கழுவுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி.

தொழுநோய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரி பக்கத்திலேயே இருப்பதால் ‘ஒரு நாள் விசிட்’ போகும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். கூட்டுமருந்து சிகிச்சை இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் நிலை போய்விடுகிறது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை; வேடிக்கை பார்க்கவும் ஒன்றுமில்லை. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரில் வேலை செய்தபோது எடுத்துக்காட்டிய விஷயம்: விரல்கள் பாழாவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவது. கை மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. நீங்கள் அன்போடு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ நீட்டினால் அவரும் மரியாதைக்காக இறுக்கிப் பிடிப்பார். கொப்புளம் மறுநாள்தான் தெரியும். பிடியுள்ள கோப்பையில், ஆறவைத்து, மேசையில் வையுங்கள். அறிவில்லாத அன்பு சுடும் என்பது இங்கே உவமை இல்லை.

ரத்தம் கொடுப்பது

மாணவர்களுக்கு மிகச் சுலபமான தொண்டு இது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. 45 கிலோவுக்கு மேல் 350 மில்லி எடுப்பார்கள். 450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பெண்கள் விடுதியிலிருந்து ஆர்வமாக இருபது பேர் வந்து ஹீமோகுளோபின் போதாமல் பலர் திரும்புவது வழக்கமாக நடப்பது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அதைத் தெரிந்துகொண்டதே லாபம்.

ஒரே நாளில் நூறு பேரைக் கூட்டி முகாம் நடத்துவதைவிட, மாதத்துக்கு எட்டுப் பேர் என்று பிரித்து அனுப்புவது நல்லது. காரணம் எளிது: சிவப்பணுக்களைச் சேமிக்கக் கூடியது 35 முதல் 42 நாள், தட்டணுக்களை 5 நாள்தான். ஒரே நாளில் குவிந்தால் வீணாகலாம். விடுமுறை மாதத்தில், கல்லூரிகள் மூடியிருக்கும்போது, தட்டுப்பாடு வரும். மே மாதத்தில் ஊரிலேயே இருக்கிற உள்ளூர் மாணவர்கள் தங்கள் முறையை அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காலையில் சாப்பிட்டுவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வேலூர் வெயிலில் வெறும் வயிற்றோடு போனவர்தான் மயங்குவார். யார் ரத்தம் யாருக்குப் போனது என்று தெரியாது என்பது இதில் பெரிய வசதி. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வார்த்தையை ரத்த வங்கி தானாகவே நிறைவேற்றிவிடுகிறது.

மாலை வகுப்பு

பீடி சுற்றும் வீடுகள் உள்ள தெருக்களில், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம், மாலையில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. அங்கே வகுப்பு தொடங்குவது நல்ல காரியம். நடுவில் நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிடப் பெரிய கெடுதல். ஆகவே முதலில் கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு ஆறு முதல் எட்டுப் பிள்ளை. வாரம் இரண்டு நாள், தடவைக்கு ஒன்றேகால் மணி: முக்கால் மணி வாசிப்பு, அரை மணி கணக்கு. முதல் இரண்டு நாள் எதையும் கற்றுக்கொடுக்காமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுங்கள். தடுமாறினால் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிப்பை வைத்துப் பிரியுங்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே உட்கார வைத்தால் அடுத்த நாள் வரமாட்டான். அவனுக்குத் தனியாக, வேறு மூலையில்.

சுண்டல் கொடுப்பதானால் முப்பது பிள்ளைக்கு ஒரு கிலோ உலர்ந்த கொண்டைக்கடலை. எட்டு மணி நேரம் ஊறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெயில் காலத்தில் ஊறவைத்த தண்ணீரை ஒரு தடவையாவது மாற்றாவிட்டால் புளித்த வாடை வரும். தேங்காய் போடாதீர்கள், சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும்.

உண்மையான ஆபத்து நாட்காட்டியில் இருக்கிறது. கல்லூரிக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் பரீட்சை. பள்ளிக்கு டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டு. பிள்ளைக்கு நீங்கள் அதிகம் வேண்டிய வாரங்களில்தான் உங்களால் வர முடியாது. முதல் வருஷக் குழுக்கள் பல இங்கேதான் உடைகின்றன. வேறு வேறு துறையிலிருந்து இருவரை இணையாக்கினால் பரீட்சைத் தேதிகள் ஓரளவு மாறும். ஒருவர் வராத நாளில் மற்றவர், குழுவின் வேறொருவரோடு. வர முடியாத வாரத்தை முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ‘அக்கா வருவாங்க’ என்று ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நம் இன்டர்னல் டெஸ்ட் தெரியாது.

எப்போதும் இருவராகப் போங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம்; கதவு திறந்தே இருக்கட்டும். சொந்த போன் நம்பருக்குப் பதில் குழுவின் நம்பர். கடன், செல்போன், புதுத் துணி என்று தனிப்பட்ட வாக்குக் கொடுக்காதீர்கள். விடுதிப் பெண்கள் வார்டனிடம் எழுத்தில் நேரம் சொல்லி, கடைசி பஸ்ஸை நம்பாமல், இருட்டுமுன் கிளம்பும்படி வகுப்பை ஐந்து மணிக்கே தொடங்கலாம். இணைகளுக்குள் காதல் வருவதுண்டு. அது பாவமுமில்லை, தொண்டுமில்லை. இருவரும் ஒரே நாளில் வராமல் நின்றால்தான் வகுப்புக்குப் பிரச்சினை. அதனால் அப்படிப்பட்ட இணையைப் பிரித்து வேறு நாள் கொடுப்பது பொறுப்பாளரின் வேலை.

ஜெபிக்கலாமா?

கிறிஸ்தவ மாணவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. நோயாளியே கேட்டால், அவர் பெயரைச் சொல்லி, மெதுவாக, அரை நிமிஷம் ஜெபியுங்கள். கேட்காதவரிடம் கையைப் பிடித்துத் தொடங்க வேண்டாம். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. அந்த நிலையில் கிடைக்கும் சம்மதம் சம்மதமாகாது. மாலை வகுப்பில் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். வாசிப்பு சொல்லிக்கொடுப்பதாகத் தாயிடம் சொல்லி அழைத்து வந்த பிள்ளைக்கு வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அது வார்த்தை மீறல். ‘அப்படியானால் சாட்சி எங்கே?’ என்று விடுதியில் ஒருவர் கேட்பார். லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற சுகத்தைத் திரும்ப வாங்கவில்லை. நன்றியையோ மனமாற்றத்தையோ விலையாக வைத்தால் அது வியாபாரம். விசுவாசம் இங்கே வேலை செய்வது உங்களுக்குள்: யாரும் பார்க்காத, நன்றி வராத, மழை பெய்கிற புதன்கிழமையிலும் பஸ் ஏற வைக்கிறதே, அதுதான்.

நேரக் கணக்கு சுருக்கமாக. வாரம் 2 மணி என்றால் 15 வார செமஸ்டருக்கு 30 மணி. என்.எஸ்.எஸ். வருஷத்துக்கு 120 மணி கேட்கிறது, இரண்டு வருஷத்துக்கு 240. அதற்கு வாரம் 4 மணி வேண்டும். முதல் செமஸ்டரில் வாரம் இரண்டரை மணிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஸ் காசும் பிஸ்கட்டும் உங்கள் கைச்செலவிலிருந்து போகுமானால் மாதத்துக்கு ஒரு தொகை முன்பே வைத்து, அது தீர்ந்ததும் நிறுத்துங்கள். கடன் வாங்கிச் செய்யும் தொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஓடாது.

மூன்றாம் வருஷம் ஜனவரியிலேயே ஒப்படைப்பைத் தொடங்க வேண்டும். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம்: எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்த நாளில் வராது, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எது சொன்னால் முகம் சுருங்கும். வியாதி விவரம், சாதி, வீட்டுச் சண்டை எழுத வேண்டாம். நோட்டு தொலையக் கூடியது. பிப்ரவரி முழுக்கப் புதிய இணை உங்களோடு வந்து பின்னால் உட்காரட்டும். மார்ச்சில் அவர்கள் நடத்த, நீங்கள் பின்னால் உட்காருங்கள். கடைசி நாளில் பிள்ளைகளுக்கு நீங்கள் போவதையும் இவர்கள் வருவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நோட்டைப் புதியவர் கையில் கொடுத்து, அடுத்த புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.